ஆகாயத்தாமரைக்கு வந்த ஆபத்து

உலகில் ஏரிகள் ஏராளம். ஆனால் ஒரே குடும்பத்து அதிகாரிகள் இருவரால் ஆளப்படும் பேறு இந்த ஏரிக்குத்தான் வாய்த்தது. கணவர், 'அருகிவரும் உயிரினப் பாதுகாப்புப் பிரிவு'. மனைவி, 'அந்நியக் களை ஒழிப்புப் பிரிவு'. அலுவலகத்தில் எதிரெதிர் அறைகள். வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசை.

கணவரின் பொறுப்பில் எஞ்சியிருந்தது ஓர் இலைக்கோழி. நீண்ட விரல்களை அகல விரித்து, உடல் எடையைப் பரப்பி, மிதக்கும் இலைமேல் மூழ்காமல் நடக்கும் பறவை. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; அடைகாப்பது ஆண். இதைப் படித்த நாளிலிருந்து கணவருக்கு அதன்மேல் தனிப் பாசம். ஏரியின் அல்லியை எல்லாம் ஆகாயத்தாமரை மூடி அழித்துவிட்டதால், பறவை வேறு வழியின்றி அந்தக் களையின் மேலேயே கூடு கட்டியிருந்தது. மனைவியோ களையை வழித்தெடுத்துக்கொண்டே வந்து, கூடு இருந்த அந்த ஒரு திட்டில் வந்து நின்றார். குஞ்சு பொரிக்காவிட்டால் கணவரின் பிரிவை மூடிவிடுவார்கள். திட்டு எஞ்சினால் மனைவிக்குப் பாராட்டு விழா கிடையாது.

"நாளைக்கு அதையும் எடுத்துடறேங்க," என்றார் மனைவி, பரிமாறிக்கொண்டே.

"குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடேன்."

"ஒரு துண்டு விட்டா போதும். தண்டு நீண்டு பக்கத்துல ஒண்ணு முளைக்கும், அதுலேர்ந்து இன்னொண்ணு. உங்க அக்கா குடும்பத்தோட வந்து தங்கின மாதிரி."

"எங்க அக்காவை எதுக்கு இழுக்கறே?"

"இழுத்துப் பாத்துட்டேன். வர மாட்டேங்கறாங்களே."

தலைமை அதிகாரி இருவரையும் கூட்டத்துக்கு அழைத்தார். வீட்டில் தீராதது கூட்டத்தில் தீரும் என்பதே நிர்வாகத்தின் அடிப்படை.

"மேடம், முழுசா ஒழிச்சிட்டா அப்புறம் உங்க பிரிவு என்ன பண்ணும்?"

மனைவி அதை யோசித்திருக்கவில்லை.

"வேற எங்கயும் இந்தச் செடி இல்லையே?"

"இல்ல சார். இதான் கடைசி."

"அப்ப அதுவும் அருகிவந்துடுச்சு." அதிகாரி கணவரிடம் திரும்பினார். "இனிமே அது உங்க பொறுப்பு."

"சார், அது களை."

"ஏரி நிறைய இருந்தப்ப களை. இப்ப அரிய தாவரம். பறவை போனாலும் உங்க பிரிவுக்கு வேலை இருக்கும். யோசிங்க."

கணவர் யோசித்தார். அடைகாக்கும் தகப்பன் பறவை நினைவுக்கு வந்தது. அடுத்து தன் நாற்காலி நினைவுக்கு வந்தது. தலையாட்டினார்.

திட்டு, கூட்டோடும் முட்டைகளோடும், மிகுந்த மரியாதையுடன் கிரேனில் தூக்கப்பட்டு அலுவலக வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குக் குடிவந்தது. இலைக்கோழி சற்று நேரம் வட்டமிட்டது, பிறகு காணவில்லை. கூட்டை இடம் மாற்றினால் பறவை திரும்பாது என்பதைக் கணவரே எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினார், மாற்றி முடித்த பிறகு.

செடிக்கு உரம் போட்டார்கள். அது தொட்டியை நிறைத்து, வழிந்த நீரோடு வடிகாலில் இறங்கி ஏரிக்குத் திரும்பியது. மனைவியின் பிரிவுக்குக் கூடுதல் ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். இருவருக்கும் ஒரே மேடையில் பாராட்டு விழா. "அழிவின் விளிம்பிலிருந்து இரண்டை மீட்டிருக்கிறோம்," என்று தலைமை அதிகாரி தழுதழுத்தார்.

கீழே இறங்கிய கணவரை நிருபர் மடக்கினார். "எந்த ரெண்டு சார்?"

"ஒண்ணு என் பிரிவு. இன்னொண்ணு வீட்டம்மா பிரிவு."

"அந்தப் பறவை?"

கணவரின் முகம் உண்மையாகவே வாடியது.

"பாவங்க. அதைக் காப்பாத்தன்னு ஒரு பிரிவு இருந்திருந்தா பிழைச்சிருக்கும்."