சவ்வு இழுக்கும் அக்காவுக்கு

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய அக்காவுக்கு (மரியாதை இந்த ஒரு வரிக்கு மட்டும்), தம்பி எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். நான்காவது ஆளின் நலம் அறியப் போன் போட்டால் "மீட்டிங், அப்புறம்" என்று பதில் வருகிறது. அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய அவசரத்தில் உன் பொக்கிஷப் பெட்டியை அலமாரியிலேயே மறந்துவிட்டாய். அதுதான், பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிய சவ்வு, இரண்டு பக்கமும் கிடுக்கி, இழுக்க ஒரு திருகு. ஊரில் எல்லோரும் சவ்வு மாதிரி இழுக்காதே என்று திட்டு வாங்குகிறார்கள், உனக்கு மட்டும் அதற்கு ஆராய்ச்சிச் சம்பளம். சாப்பிடும்போது அதை மேசையில் வைத்தேன். "என்னடா இது?" என்றாள் அம்மா. "ஆன்ட்டிஃபெரோ காந்தம்மா." "எந்த ஆன்ட்டி?" அப்பா பிரிட்ஜ் காந்தத்தை எடுத்து வந்து பெட்டிமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டவே இல்லையே, இதுக்கா ஆறு வருஷமா படிக்கிறா?" என்றார். உன் மானத்தைக் காப்பாற்ற நான் விளக்கினேன்: உள்ளே ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்து அணு நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும், அதனால் வெளியே ஒன்றுமே தெரியாது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா போனைப் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். "இழுத்தா பலூன் மாதிரி நீளுறதோட நிக்காதுடா, உள்ளே இருக்கிற குட்டிக் காந்தம், அதாவது காந்தச் சுழியெல்லாம் திசை மாறும்" என்று நீதானே சனிக்கிழமை ஆசை காட்டினாய். திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தேன். ஏழு மணிவரை வீட்டில் யாரும் இல்லை. திருகைக் கால் சுற்று சுற்றினேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அரைச் சுற்று. யாராவது "டேய்" என்று கத்துவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை, அதனால் இன்னொரு சுற்று. 'டிக்' என்றது. திருகா, சவ்வா, தெரியாது. பயந்து பின்னால் சுற்றிவிட்டேன். சுழிகள் பழைய இடத்துக்கு வந்தனவா என்று உனக்குத்தான் தெரியும். அடிபட்டதைக் கூரியரில் அனுப்பக் கூடாது. நீயே நேரில் வந்து பார்த்து, திட்டிவிட்டு, இரண்டு நாள் இருந்து எடுத்துப் போ.

சவ்வுக்கு எக்ஸ்ரே எடுக்கும் உன் கூட்டாளிகள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கதவைத் திறக்க எப்போதும் வீட்டில் இருக்கும் தம்பி

பி.கு. அம்மா இப்போதுதான் அலமாரிகளை எல்லாம் கலைத்துத் தேடினாள். நீ போனில் அழுதாயாமே. வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய எக்ஸ்ரே இயந்திரத்தில் இந்தச் சவ்வுக்குக் கிடைத்த நேரம் போனால் அடுத்த வருஷம்தானாமே. எனக்கு அது தெரியாது அக்கா. நீ மறக்கவில்லை, உன் பையிலிருந்து நான்தான் எடுத்தேன். திருகைத் தொடவே இல்லை, நீ ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. 'டிக்' பொய். சாப்பாட்டு மேசையும் பொய்தான். நீ போனதிலிருந்து இங்கே அவரவர் தட்டு அவரவர் அறையில். பெட்டி இந்தக் கடிதத்தோடேயே வருகிறது, நாளைக்கே கிடைத்துவிடும் என்கிறார் கூரியர்க்காரர். ஆகவே நீ வரவேண்டிய அவசியம் இல்லை.

அவசியம் இல்லாவிட்டாலும் வரலாம்.