கணினி கூட்டுதல் தொடர்பாக

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்த ஒரே கணினியைக் காலையில் இயக்கினால் அது கண் விழிக்க இருபத்திரண்டு நிமிடங்கள் ஆகும். இது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. அந்த இருபத்திரண்டு நிமிடங்களில் ஊழியர்கள் நாளிதழ் படித்து, உலக நடப்பைச் சீர்தூக்கி, யாரைப் பதவி நீக்குவது என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒருநாள் என்ன கோளாறோ, கணினி ஒன்பதே நிமிடத்தில் விழித்துவிட்டது. தலையங்கத்தைப் பாதியில் விட்டெழ நேர்ந்த தலைமை எழுத்தர் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணினியின் முன் அமர்ந்திருந்த பெண்மணி தற்காலிகத் தரவுப் பதிவாளர். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகமாக இருந்தார். அவருக்குப் பிறகு வந்த மூவர் நிரந்தரமாகி, அதில் ஒருவர் ஓய்வும் பெற்றுவிட்டதால், அலுவலகத்தில் அவருக்குத் 'தற்காலிகம்' என்ற பெயரே நிரந்தரமாகிவிட்டது. பழைய பிறப்புப் பதிவேடுகள் அறுபத்துமூன்றையும் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. பதிவேட்டுக்கு ஆயிரம் குழந்தைகள். கணினி மனம் வைத்தால் நாளுக்கு இருபது குழந்தைகள் ஏறும். ஒன்பது ஆண்டுகளில் நாற்பத்தொரு பதிவேடுகள் ஏறியிருந்தன.

ஆண்டுத் தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. மீதமுள்ள இருபத்திரண்டு பதிவேடுகளும் இவ்வாண்டு முடிவதற்குள் ஏற்றி முடிக்கப்படாவிட்டால், தற்காலிகப் பணியாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருவரும், வேலை தேடுவதையே வேலையாகக் கொண்ட கணவர் ஒருவரும் இருந்தபடியால், தற்காலிகம் அந்த ஆணையை மூன்று முறை படித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து ஒரே வரி எழுதினார்: "புதிய கணினி ஒன்று வேண்டும்."

அவர் செய்த பிழை அந்த வரியை எளிமையாக எழுதியதுதான்.

பதிவு அலுவலர் நல்ல மனிதர். தாளைப் பார்த்ததும் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தும்விட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய மைத்துனர் எதிரே அமர்ந்திருந்தார். இந்த மைத்துனர் கணினியைக் கையால் உருவாக்குவது எப்படி என்று காட்டும் காணொளிகள் நானூறு பார்த்தவர். ஒன்றைக்கூட உருவாக்கியதில்லை, ஆனால் பிறர் உருவாக்குவதைப் பார்ப்பதில் அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்ல முடியாது. கடையில் தயாராக இருக்கும் கணினியை வாங்கப் போகிறார்கள் என்று கேட்டதும், சொந்தக் குடும்பத்தில் ஒரு களங்கம் நேர்ந்துவிட்டதுபோல் அவர் முகம் கறுத்தது.

இப்போதெல்லாம் யாரும் வாங்குவதில்லை என்றார் அவர். பாகங்களைத் தனித்தனியே தேர்ந்து அசெம்பிள் செய்வதுதான் நாகரிகம். பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடியாக இருக்கும். உள்ளே பதினாறு நிறங்களில் விளக்கெரியும். சூடேறாமல் இருக்கக் குழாயில் நீர் ஓடும். இதைக் கேட்டுக்கொண்டு நின்ற தற்காலிகம் ஒரே ஒரு ஐயத்தை எழுப்பினார்.

"தட்டினா எழுத்து வருமா?"

"அது வரும்மா," என்றார் மைத்துனர், குழந்தையிடம் பேசுவதுபோல. "எழுத்து மட்டும் வந்தா போதும்னு நினைச்சா அப்புறம் மனுஷனுக்கு ரசனை எதுக்கு?"

அலுவலர் பேனாவை மூடினார். அன்று மாலையே 'புதிய கணினி வாங்குவதா அசெம்பிள் செய்வதா ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் அலுவலர், உறுப்பினர் தலைமை எழுத்தர், தொழில்நுட்ப ஆலோசகர் மைத்துனர். குழுவுக்கென்று தனி அறையும், சுழலும் நாற்காலிகள் மூன்றும் ஒதுக்கப்பட்டன. கணினியைப் பயன்படுத்தப் போகிறவர் குழுவில் இருந்தால் நடுநிலை கெடும் என்பதால் தற்காலிகம் சேர்க்கப்படவில்லை.

கோப்பில் பிறமொழிச் சொல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே 'அசெம்பிள்' சொல்லாக்கப் பிரிவுக்குப் போனது. அங்கே ஆறு வாரம் ஆராய்ந்தார்கள். 'பொருத்துதல்' என்ற சொல் முதல் நாளே கிடைத்துவிட்டது. கேட்டவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடுவதால் அதற்கு ஆட்சிமொழிக்குரிய கனம் இல்லை என்று விலக்கினார்கள். இறுதியில் 'கூட்டுதல்' என்று தீர்மானித்து, வேர்ச்சொல் விளக்கம் பதினொரு பக்கம் இணைத்து அனுப்பினார்கள்.

'புதிய கணினி கூட்டுதல் தொடர்பாக' என்று தலைப்பு மாறிய கோப்பு, தலைப்பை மட்டுமே படிக்கும் தபால் பிரிவின் வழியாகத் துப்புரவுப் பிரிவைச் சென்றடைந்தது. அதன் மேற்பார்வையாளர் அலுவலகத்திலேயே சொன்னதைச் சொன்ன நாளில் செய்யும் ஒரே மனிதர். மறுநாள் காலை இருவர் துடைப்பத்துடன் வந்து, தற்காலிகத்தை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, பழைய கணினியை மேலிருந்து கீழாக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் கூட்டினார்கள். அதன் பிறகு அது விழிக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. மேற்பார்வையாளர் நிறைவேற்ற அறிக்கை அனுப்பினார்: "கணினி இருமுறை கூட்டப்பட்டது. இப்பிரிவில் இச்செயல் 'பெருக்குதல்' என்றே வழங்கப்பட்டு வருவது தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது."

மேலான கவனம் திரும்பியது. சொல்லாக்கப் பிரிவு, மக்கள் வழக்குக்கு மதிப்பளித்து, 'கூட்டுதல்' என்பதைப் 'பெருக்குதல்' என்று திருத்தியது. 'புதிய கணினி பெருக்குதல்' என்ற தலைப்பைக் கண்ட புள்ளிவிவரப் பிரிவு தன் எல்லைக்குள் பிறர் நுழைவதைப் பொறுக்காமல் ஒரு வினா அனுப்பியது. அலுவலகத்தில் உள்ள கணினி ஒன்று. அதை எந்த எண்ணால் பெருக்க உத்தேசம்? ஒன்றால் பெருக்கினால் ஒன்றே விடையாக வருமாதலின், அம்முயற்சியால் அரசுக்கு விளையும் பயன் யாது?

இந்தக் கடிதத்தில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் இதிலுள்ள கொடுமை. தலைமை எழுத்தர் நான்கு நாள் சிந்தித்து, "எக்காரணம் கொண்டும் பூஜ்யத்தால் பெருக்கப்படமாட்டாது என உறுதியளிக்கப்படுகிறது" என்று பதில் எழுதினார். அலுவலகத்தில் அவர் மதிப்பு ஒரு படி உயர்ந்தது.

இதற்குள் ஆண்டின் பாதி போய்விட்டது. ஏறியது இரண்டரைப் பதிவேடு. தற்காலிகம் அலுவலரிடம் போய், பேசாமல் கடையில் ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்டார்.

"எப்படிம்மா முடியும்?" என்றார் அலுவலர், உண்மையான வருத்தத்தோடு. "வாங்குறதா கூட்டுறதான்னு குழு ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கு. இப்பப் போய் வாங்கினா குழுவை அவமதிச்ச மாதிரி ஆயிடாதா?"

"அப்ப கூட்டுங்க."

"கூட்டினாலும் அதே கதைதான்."

எனினும் அவர் மனமிரங்கி, 'கூட்டுதல்' என்ற சொல்லையே மீட்டுத் தரும்படி ஒரு குறிப்பு எழுதினார். சொல் மீண்டது. இம்முறை தபால் பிரிவு எச்சரிக்கையாக இருந்து, கோப்பைக் கூட்டப் பிரிவுக்கு அனுப்பியது. அலுவலகத்தில் எது கூட்டப்பட்டாலும் அதற்கான அறிவிப்பு, வருகைப் பதிவு, நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அந்தப் பிரிவின் பொறுப்பு. அங்கிருந்த எழுத்தர் தற்காலிகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"கூட்டணும்னா உறுப்பினர் பட்டியல் வேணுமே."

"அதுல மனுஷங்க யாரும் இல்லீங்க."

"பல கூட்டம் அப்படித்தான் நடக்குது. நீங்க பட்டியலைக் குடுங்க."

தற்காலிகம் எழுதிக் கொடுத்தார்: தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி, பெட்டி. ஆறு உறுப்பினர்களுக்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு தட்டச்சாகி, அவர்கள் வசிக்கும் கடைகளின் முகவரிக்குப் போயிற்று. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வந்தவற்றின் பெயருக்கு எதிரே பண்டகக் காப்பாளர் கையெழுத்திட்டார். குறித்த நாளில் நான்கு உறுப்பினர்கள் மேசைமேல் இருந்தனர். வன்தட்டு வழியில் இருந்தது. மின்வழங்கி, காரணம் தெரிவிக்காமல் வராதிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வருகை இருந்தமையால் கூட்டம் செல்லும் என அறிவித்து, 'கணினி முறைப்படி கூட்டப்பட்டது' என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

"மின்வழங்கி இல்லாம எப்படிங்க ஓடும்?" என்று கேட்டார் தற்காலிகம்.

எழுத்தர் பொறுமையாக விளக்கினார். "பெரும்பான்மை வந்தாச்சும்மா. வராதவங்க தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவங்க."

ஆண்டு முடிய இரண்டரை மாதமே இருந்தது. தற்காலிகம் அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காணாமற்போன இரு உறுப்பினர்களையும் கடைக்கே போய் வாங்கி வந்தார். ஒரு விடுமுறை நாளில், வீட்டிலிருந்து எடுத்து வந்த திருப்புளியால், ஒன்றரை மணி நேரத்தில் கணினியைப் பொருத்தி முடித்தார். ஆலோசகர் என்ற முறையில் மைத்துனரும் வந்திருந்து, அதைப் படம் பிடித்து, தாம் உருவாக்கிய முதல் கணினி என்று உலகுக்கு அறிவித்தார்.

கணினி பதினொரு நொடியில் விழித்தது. விளக்குகள் பதினாறு நிறத்தில் எரிந்தன. சான்றிதழுக்காக வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்; அரசு அலுவலகம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சான்றிதழ் வாங்க மறந்து திரும்பினார்கள். நீலமும் சிவப்பும் மாறி மாறி முகத்தில் அடிக்க, தற்காலிகம் இரண்டு நாளுக்கு ஒரு பதிவேடு என்ற கணக்கில் தட்டிக்கொண்டிருந்தார். ஆண்டு முடிய ஒன்பது நாள் இருக்கையில், அறுபத்துமூன்றாம் பதிவேட்டின் கடைசிக் குழந்தையும் ஏறியது. அவர் ஆணையை எடுத்துக்கொண்டு அலுவலரின் அறைக்குப் போனார்.

"முடிச்சிட்டேன் சார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்."

அலுவலர் மகிழ்ந்தார். பிறகு ஆணையைப் படித்தார். படிக்கப் படிக்க மகிழ்ச்சி குறைந்தது.

"வேலைதான் முடிஞ்சிடுச்சேம்மா. இனி எந்த வேலைக்குப் புதுப்பிக்கிறது?"

"முடிக்கலைன்னா புதுப்பிக்க மாட்டோம்னு போட்டிருக்கே சார்."

"ஆமா. முடிச்சா புதுப்பிப்போம்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அவர் கொடியவர் அல்லர். அப்படி எங்காவது போட்டிருக்கிறதா என்று தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் உண்மையாகவே தேடிப் பார்த்தார்.

தற்காலிகம் தம் இருக்கைக்குத் திரும்பினார். அழவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தம் விரல்களைக் கொண்டு பிழைத்த அந்தப் பெண், முதன்முறையாக அலுவலகத்தைக் கொண்டு பிழைப்பது எப்படி என்று யோசித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினார்:

"பதிவுகள் யாவும் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. ஏற்றப்பட்டது எதுவாயினும் ஒரு கட்டத்தில் இறக்கப்பட வேண்டும் என்பது நடைமுறையாதலின், அவை இறக்கப்படும் வரை பணி நிறைவுற்றதாகக் கருத இயலுமா என்பது குறித்து மேலிடத்தின் தெளிவுரை பணிவுடன் வேண்டப்படுகிறது."

அலுவலர் அதை மூன்று முறை படித்தார். பணி நிறைவுற்றால் குழுவைக் கலைக்க வேண்டும், தனி அறையைத் திருப்பித் தர வேண்டும், வீட்டில் மனைவியிடம் அவர் தம்பியின் ஆலோசகர் பதவி போன செய்தியைச் சொல்ல வேண்டும் என்ற கவலை அவரைச் சில நாளாக அரித்துக்கொண்டிருந்தது. அவர் பேனாவைத் திறந்துகொண்டே நிமிர்ந்தார்.

"இவ்வளவு திறமையை இத்தனை வருஷம் எங்கம்மா வச்சிருந்தீங்க?"

'ஏற்றமும் இறக்கமும் ஆய்வுக் குழு' மறுநாளே அமைந்தது. பழைய குழுவே பெயர் மாறித் தொடர்ந்தது. செயலராகத் தற்காலிகம் சேர்க்கப்பட்டார். தெளிவுரை வரும்வரை அவரது ஒப்பந்தம் தானாகவே நீளும். 'இறக்குதல்' என்ற சொல்லை ஆராயக் குறைந்தது ஐந்தாண்டுகள் பிடிக்கும் என்று சொல்லாக்கப் பிரிவு மதிப்பிட்டது.

புத்தாண்டின் முதல் வேலைநாளில் சன்னலுக்கு வெளியே நீண்ட வரிசை. முதலில் நின்ற பெண்ணின் மகனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மாலைக்குள் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். அவன் பெயரும் தேதியும் கணினிக்குள் இருந்தன. ஒரு விசையைத் தட்டினால் தாள் வெளியே வந்துவிடும்.

"பையனோட சான்றிதழ் எடுக்க வந்தேங்க."

செயலர் விசைமேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டார்.

"எடுக்கவா, வாங்கவா?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"வெளியில ஒண்ணுதான். இங்க வேற வேற. முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

அந்தப் பெண் திகைத்துப்போய்ப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். வாங்குவது என்றால் விலை கொடுத்தது போலாகும், எடுப்பதே சரி என்றார் ஒருவர். கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயரே வேறு, வாங்குவதுதான் சரி என்றார் கண்ணாடி அணிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேச்சு சூடுபிடித்தது. யாரும் கோபப்படவில்லை; ஓர் அலுவலகத்தில் தங்கள் கருத்தையும் கேட்டார்களே என்ற பெருமிதம் எல்லார் முகத்திலும் இருந்தது. நண்பகலுக்குள் வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. 'பெறுதல்' என்று மூன்றாவது வரிசை தொடங்க இரண்டு இளைஞர்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

உணவு இடைவேளைக்காகச் சன்னல் மூடப்பட்டது. வாங்குகிறவர்கள் வரிசை சற்று நகர்ந்தது என்று யாரோ சொன்னார்கள். உடனே எடுக்க வந்தவர்கள் எல்லோரும், அந்தத் தாயையும் சேர்த்து, ஓடிப்போய் அதன் வாலில் நின்றுகொண்டார்கள். மூடிய சன்னலுக்கு முன்னால் அந்த வரிசை மிக ஒழுங்காக நின்றது.