தூது போன கழுத்து

தோள்களை நாற்காலியோடு பட்டையால் கட்டி, வேன் ஓட்டுநரின் தலையில் கழுத்து திரும்பும் அளவைக் காட்டும் முள் வைத்த வளையம் ஒன்றை மாட்டினார் கழுத்து வைத்தியர்.

"இடது பக்கம் திரும்புங்க. தோளைத் திருப்பி ஏமாத்தக் கூடாது."

முள் இருபதில் நின்றுவிட்டது. வலது பக்கமும் அதே கதைதான்.

"அறுபது டிகிரியாவது வேணும். பின்னால வர்ற வண்டியைப் பார்க்க முடியாதவருக்கு நான் எப்படிச் சான்றிதழ் தர்றது?"

சான்றிதழ் இல்லாவிட்டால் நாளை முதல் பள்ளிக்கூட வேனை வேறொருவர் ஓட்டுவார். ஓட்டுநர் மனத்துக்குள் ஆண்டவனை அழைத்தார். வலிக்குப் பயந்த கழுத்து யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

வலப்பக்கம் நின்ற வைத்தியர், "இருபதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க" என்றார்.

"யார்கிட்ட சார்?"

"உங்களுக்கு இடது பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்களே, அவங்ககிட்ட. என் சம்சாரம்தான். பேச்சுவார்த்தை இல்லை."

ஓட்டுநர் நேராகப் பார்த்தபடி, "இருபதாம்மா" என்றார்.

"முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சுவத்துக்கிட்ட சொன்னா எனக்கு எப்படிப் புரியும்?"

முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பேனா அவர் பையில இருக்கு. வாங்குங்க."

வைத்தியர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தன்னோடதைத் தொலைச்சிட்டு என் பேனாதான் கிடைச்சுதான்னு கேளுங்க."

குடும்பத்தைக் கலைக்க ஓட்டுநருக்கு மனம் வரவில்லை. "எடுத்துக்கோம்மாங்கறார்."

"அந்த வாயில 'அம்மா' வராதே?"

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது. "நேத்து கோபமா பேசினதுக்கு ரொம்ப வருத்தப்படறார்."

"நேத்து பேசினது அவர் இல்லையே. அவங்கம்மால்ல பேசினாங்க."

"எங்கம்மாவை ஏன் இழுக்கறாங்க, கேளுங்க!"

பேச்சில் மாமியாரும் வந்து சேர்ந்தபின், பந்து விளையாட்டு பார்ப்பவரின் தலைபோல ஓட்டுநரின் தலை இங்கும் அங்கும் போய் வந்தது. கடைசியில் தவித்துப்போய், "பாவம் சார், காலையிலேருந்து அவங்க ஒண்ணும் சாப்பிடலையாம்" என்று ஒரே போடாகப் போட்டார்.

வைத்தியர் நாற்காலியைச் சுற்றி மனைவியிடம் போனார்.

"ஏன் சாப்பிடலை?"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் வைத்தியர் மறுபடி அளந்தார். இரண்டு பக்கமும் முள் அறுபதைத் தாண்டியது. நல்ல மனசுக்கு ஆண்டவன் கையோடு கூலி கொடுத்துவிட்டான் என்று ஓட்டுநருக்குத் தோன்றியது.

சான்றிதழோடு வெளியே வந்தவர், பெஞ்சில் விறைத்த கழுத்தோடு காத்திருந்த தையல்காரரிடம் குனிந்து சொன்னார். "உள்ளே பார்த்துப் பேசுங்க. புருஷன் பொண்டாட்டியை இப்பதான் சேர்த்து வச்சிருக்கேன்."

தையல்காரர் கழுத்தைத் திருப்பாமலே சிரித்தார். "போன மாசம் நானும்தான் சேர்த்து வச்சேன், வந்தவங்க கழுத்து முழுசா திரும்புற வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க."