ரெக்கார்டுக்காரர் வெட்டிய பேச்சு

பெரம்பலூர் கோர்ட்டில் நீதிபதிக்கு அஞ்சாதவர்கள்கூட ‘ரெக்கார்டுக்காரர்’ வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அரும்பாவூர் விவசாயி. யார் பேசினாலும் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் பதிவு செய்துவிடுவார். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்டதற்குக்கூட அவரிடம் ஆதாரம் இருந்தது.

நான் அப்போது ஜூனியர் வக்கீல். அவர் எங்கள் கட்சிக்காரர். வயலுக்குப் போகும் வண்டிப்பாதையை அவருடைய அண்ணன் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். அதே அண்ணன் முன்பு போனில் சொன்னதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நம் ஆள் ஆபீசுக்கு வந்தார். கேட்டோம். ஒரே வாக்கியம்: “பாதை நம்ம ரெண்டு பேருக்கும் பொதுதான்டா.”

“மீதிப் பேச்சு எங்கங்க?” என்றார் என் சீனியர்.

“கேஸுக்கு ஆவாததுங்க. கடையில குடுத்து வெட்டிட்டேன். கோர்ட்டு நேரத்தை வீணாக்கலாமா?”

சீனியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “வெட்டி ஒட்டுனதை நம்ப மாட்டாங்க. நகல்னா எந்தப் போன்லேர்ந்து, எப்படி எடுத்ததுன்னு சர்ட்டிபிகேட் வேணும். அதுக்குப் பதிலா அந்தப் போனையே கொண்டாங்க. நீங்க கூண்டுல ஏறி, இது என் போனுதான், நான்தான் பதிஞ்சேன்னு சொல்லணும்.”

“அப்ப போனுக்கும் சத்தியம் பண்ணி வைப்பாங்களா சார்?” உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

போன் கோர்ட்டுக்கு வந்தது. அவர் சாட்சியம் முடிந்து, அண்ணன் கூண்டில் ஏறினார். “அது என் குரலே இல்லைங்க” என்று ஒரே போடாகப் போட்டார். முழுப் பதிவையும் போடச் சொன்னார் நீதிபதி.

“ஐயா, முன்னாடி உள்ளது வேணாங்க” என்று நெளிந்தார் நம் ஆள். யாரும் கேட்கவில்லை.

போன் பேசியது. “சாப்பிட்டியாடா? முட்டி வலி எப்படி இருக்கு? வெயில்ல அலையாத. நம்ம வூட்டுல தைலம் இருக்கு, வந்து எடுத்துக்க.” அதற்குப் பிறகுதான் பாதைப் பேச்சு வந்தது.

அண்ணன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மெல்லச் சொன்னார். “என் குரல்தாங்க ஐயா. வேலியை எடுத்துடுறேன்.”

வெளியே வந்ததும் கேட்டேன். “இதையா வெட்டுனீங்க?”

“அதைக் கேட்டா எனக்கே கேஸ் நடத்த மனசு வரல தம்பி.”

உத்தரவு வரும்வரை போன் கோர்ட்டிலேயே இருக்க வேண்டும். வெறும் சட்டைப்பையோடு நின்றவரை அண்ணன் தன் வண்டியில் ஏறச் சொன்னார். வீம்பாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். அரும்பாவூர் வரை இருவரும் என்ன பேசினார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நல்லபடியாகப் பேசியிருப்பார்கள் என்றே நம்புகிறேன். அந்த ரெக்கார்டுக்காரரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.