இவர் இவர்தான்

முப்பத்து மூன்று ஆண்டுகள், "நீங்கதான் நீங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று மற்றவர்களைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வூதியப் பிரிவில் கண்காணிப்பாளர். எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற ஆளிடமே உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிற நாற்காலி அது. அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பிய ஒரு பிற்பகலைப் பற்றி இதுவரை நானாக யாரிடமும் சொன்னதில்லை. (மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். விளாங்குடியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும்.)

என்னிடம் கைபேசி கிடையாது. வசதி இல்லாமல் அல்ல, கொள்கை. ஆனால் வங்கிக் கணக்கை வீட்டுக் கணினியில் இயக்க வேண்டும், புத்தகத்திலிருந்து குக்கர் வாஷர் வரை இணையத்தில் வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. கைபேசிக்கு ஓர் எண் வரும், அதைப் போட்டால்தான் நான் நான் என்று நம்புவோம் என்றது வங்கி. கைபேசி இல்லாதவனுக்கு என்ன வழி என்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டல், மூன்றாம் நினைவூட்டல். ஆறாவது கடிதத்துக்குப் பிறகு தபாலில் ஒரு கருவி வந்தது. தீப்பெட்டி அளவு. பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்க எண் ஒன்று தெரியும். முப்பது விநாடியில் அது செல்லாமல் போய் வேறு எண் வரும். கைபேசி எண்ணுக்குப் பதிலாக இதைக் கணினியில் தட்ட வேண்டும். அதைக் கொண்டு ஒரு குக்கர் வாஷரும் வாங்கிவிட்டேன். உலகத்தை வென்றதாக நினைப்பு.

அந்த நினைப்போடு இருந்த நேரத்தில்தான் காசிம் பாய் வந்தார். சிம்மக்கல்லில் காகிதம், பேனா, பதிவேடு மொத்த வியாபாரம். எங்கள் அலுவலகத்துக்கு இருபது ஆண்டுகள் எழுதுபொருள் கொடுத்தவர். அவர் மகள் நஸ்ரினுக்குக் கலந்தாய்வில் மருந்தியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு.

"பக்கத்துக் கடைக்காரர்கிட்ட போன்ல நம்பர் கேட்டு மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போய்ட்டானுக அண்ணே. எனக்கு அதைத் தொடவே பயமா இருக்கு" என்றார்.

"அத்தா, நான் உங்க போன்லயே ரெண்டு நிமிசத்துல கட்டிருவேன்னு சொல்றேன்ல" என்றாள் நஸ்ரின்.

நான் கையை உயர்த்தினேன். "பாப்பா, திருடன் வர்ற வாசலே அந்த போன்தான். பாய், பணத்தை என் கணக்குல போட்டுட்டு நாளைக்கு மதியம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. முறைப்படி எப்படிக் கட்டுறதுன்னு காட்டுறேன்."

காட்டினேன்.

மறுநாள் இரண்டரை மணி. கணினி முன்னால் நான். இரு பக்கமும் தந்தையும் மகளும். என் மனைவி ரூபி எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டு நகரப் பார்த்தாள். விடவில்லை. குக்கர் வாஷர் என் சொந்த விவகாரம். இது பிறர் பணம். பிறர் பணத்தைப் பதிவேடு இல்லாமல் தொடுவது என் உடம்புக்கு ஆகாது. ஆகவே காசிம் பாய் கடையிலேயே வாங்கிய நீளப் பதிவேடு ஒன்றில் முந்தின இரவே பத்திகள் பிரித்துக் கோடு போட்டிருந்தேன். வரிசை எண், தேதி, நேரம், நோக்கம், கருவி காட்டிய எண், சரிபார்த்தவர் சுருக்கொப்பம். சரிபார்ப்பவர் ரூபி.

திரை எண்ணைக் கேட்டது. பொத்தானை அழுத்தினேன். எண் வந்தது. பேனாவைத் திறந்து ஒவ்வொரு பத்தியாக நிரப்பி, எண்ணை உரக்கப் படித்து, பதிவேட்டை ரூபியிடம் நீட்டினேன்.

"கண்ணாடியைக் காணோமேங்க..."

"தலையில இருக்கு."

அவள் ஒப்பமிட்டதும் எண்ணைத் தட்டினேன். 'தவறான எண்' என்றது திரை.

"அங்கிள், அது அப்பவே மாறிருச்சு. நீங்க எழுதிட்டிருந்தீங்க" என்றாள் நஸ்ரின் மெதுவாக.

"கண்ணாடி தேடினதுல வந்த தாமதம்" என்று பழியை உரிய இடத்தில் சேர்த்துவிட்டு மறுபடி அழுத்தினேன். இந்த முறை வேகம். ஆனால் 'நோக்கம்' பத்தியில் 'மேற்படி' என்று போடலாமா, முழுதாக எழுத வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். (முழுதாக எழுதினேன்.) தவறான எண்.

"அங்கிள், முதல்ல தட்டிட்டு அப்புறம் எழுதிக்கலாமே?"

நான் அவளைப் பார்த்த பார்வை, பிரிவில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களை அழவைத்த பார்வை. "பதிவேட்டுல ஏறாத எண் எண்ணே இல்ல பாப்பா."

மூன்றாவது எண்ணையும் எழுதினேன், ஒப்பம் வாங்கினேன். தட்டப் போகும்போது கருவியில் வேறு எண் இருப்பதை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும் பதிவேட்டில் இருந்ததைத்தான் தட்டினேன். கருவி தப்புச் செய்யலாம், பதிவேடு செய்யாது என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் பழகிய விரல்.

கணக்கு முடக்கப்பட்டது என்று சிவப்பில் வந்தது. கட்டணப் பணம் முழுவதும் அதற்குள்.

காசிம் பாய் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆட்டோவில் மூவரும் வங்கிக் கிளைக்குப் போனோம். பதிவேட்டை நெஞ்சோடு அணைத்திருந்தேன். ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று இன்றும் தெரியாது. உள்ளே நுழையும்போது மூன்றரை தாண்டியிருந்தது.

அதிகாரி ஓர் இளம்பெண். நடந்ததைச் சொன்னேன். "சார், லாக்கை எடுக்க உங்க மொபைலுக்கு ஒரு நம்பர் வரும்" என்றார்.

"என்கிட்ட மொபைல் இல்ல."

"ஓ, அந்த ஆறு லெட்டர் சார் நீங்கதானா?" (கிளையில் என் புகழ் அவ்வளவு.) "அப்போ தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். ரெண்டு வேலை நாள் ஆகும். லாக் ஆனது ஆன்லைன் மட்டும்தான். செக் இருக்கா? பாய்க்கும் இங்கதானே கணக்கு? அவர் கணக்குக்கு இப்பவே மாத்தித் தர்றேன்."

காசோலைப் புத்தகம் இல்லாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் திரையைப் பார்த்தார், காசோலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகலையே சார்."

கணக்குத் தொடங்கியபோது நான் புதுமாப்பிள்ளை. 'தங்கராஜ் ஞானசிகாமணி' என்று முழுப்பெயரையும் சுழித்து வளைத்து, அடியில் கோடு போட்டு, கோட்டில் இரண்டு புள்ளியும் வைத்திருக்கிறேன். அதன் பிறகு கோப்பு கோப்பாகச் சுருக்கொப்பம் போட்டுப் போட்டு, என் கையெழுத்து ஒரு 'ஞா'வும் ஓர் இழுப்புமாகத் தேய்ந்துவிட்டது. காசோலை எழுதுவதும் எப்போதாவதுதான். இன்னொரு தாள் கேட்டேன். கழுத்தை நீட்டித் திரையில் இருந்த என் இளமையைப் பார்த்தபடி சுழிக்கத் தொடங்கினேன்.

"சார், பாத்து வரையக் கூடாது."

இது என் வசனம். இதே சொற்கள், இதே பொறுமையான குரல். மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கையெழுத்து இடதுபுறம் கோணியது. நீங்கதான் அவங்கன்னு யாராவது தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். விதி அப்படித்தான் சொன்னது. விதி என்னிடம் இன்னொரு வழியும் சொல்லியிருந்தது. அதைத் தேட எனக்குச் சோம்பல்.

"ஆதார் இருக்கா சார்?"

இருந்தது. அசல் வீட்டில், இரும்பு பீரோவில். கையில் வைத்திருந்தது நகல். 'உண்மை நகல்' என்று எழுதி நானே சான்றொப்பம் இட்டிருந்தேன். அதே 'ஞா', அதே இழுப்பு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "மணி நாலாகுது சார். இங்க கணக்கு வச்சிருக்கவங்க யாராவது உங்களைத் தெரியும்னு எழுதிக் குடுத்தா மேனேஜர் பாஸ் பண்ணுவார்."

நான் யாருடைய மகளின் இடத்தைப் பணயம் வைத்தேனோ, அவரைத் தவிர அங்கே எனக்கு ஆள் இல்லை.

காசிம் பாய் படிவத்தை வாங்கினார். மேலாளரும் வந்து நின்றார். "இவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா பாய்? எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க. ஒரு பேனா ரீஃபிலுக்கு மூணு பிரதி பில்லு கேட்ட மனுசன் மதுரையிலயே இவர் ஒருத்தர்தான். இந்தா, நெஞ்சுல என்னத்தைக் கட்டிப் பிடிச்சிருக்காரு பாருங்க, என் கடை ரிஜிஸ்டரு. இம்புட்டு அவசரத்துலயும் அதைத் தூக்கிட்டு வந்திருக்காரு. இவர் இவர்தான் சார். வேற யாரா இருந்தாலும் நமக்கு இம்புட்டு நேரம் ஆகியிருக்காது."

வரிசையில் நின்றவர்கள் உட்பட வங்கியே சிரித்தது. மேலாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். நான் பதிவேட்டைப் பின்னால் மறைத்தேன்.

பணம் பாயின் கணக்குக்கு மாறியபோது நாலே முக்கால். நஸ்ரின் அவரது கைபேசியை வாங்கி, சுவரோரம் நின்று ஏதேதோ தொட்டாள். 'டிங்' என்று எண் வந்தது. தட்டினாள். "கட்டியாச்சு அத்தா" என்றாள். அவள் சொன்ன அதே இரண்டு நிமிடம். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், இந்த நம்பரையும் ரிஜிஸ்டர்ல ஏத்தணுமா?"

கேலியா, உண்மையாகவே கேட்டாளா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. நானும் கேட்கவில்லை.

கைபேசி இன்னும் வாங்கவில்லை. கருவியைத்தான் பயன்படுத்துகிறேன், எண்ணை முதலில் தட்டுகிறேன், எங்கும் எழுதுவதில்லை. ஆதார் அசல் சட்டைப்பையில் இருக்கிறது. காசிம் பாய் எந்தக் கல்யாண வீட்டில் என்னைக் கண்டாலும், "இவர் யாருன்னு என்கிட்ட கேளுங்க, எழுதியே குடுத்திருக்கேன்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. நடைப்பயிற்சி முடிந்து தினமும் வீட்டு மணியை அடிக்கிறேன். "யாரு?" என்று உள்ளிருந்து ரூபியின் குரல்.

"நான்தான்."

"பாய் கையெழுத்து இருக்கா?"

கதவு திறக்கும்வரை வெளியே நிற்கிறேன். முறைப்படி பார்த்தால் அவள் கேட்பதில் தப்பில்லை.