இருமுறை சொடுக்குக

இந்தக் கதையை முதலில் எனக்குச் சொன்னவர், பொது நூலகமொன்றில் முப்பது ஆண்டுகள் நூல் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெறவிருந்த ஓர் அம்மா. இருப்புச் சரிபார்ப்புக்காக நூலகம் ஒரு வாரம் மூடியிருந்த ஜூன் மாதத்தில், முதுகு பிரிந்த அகராதி ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டே சொன்னார். பின்னர் வேறு ஐவரிடமும் கேட்டேன். நடுப்பகுதியில் அறுவரும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் செல்கிறார்கள். பிரியும் இடத்தைக் கடைசியில் குறித்திருக்கிறேன்.

ஒரு கிளை நூலகத்துக்கு ஒரு நூலகர் இருந்தார். ஊழியர்கள் அவரை நேரில் ‘சார்’ என்பார்கள். அவர் அறைக்கதவு சாத்தியதும் ‘சந்தேகம் சார்’ என்பார்கள். சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டினால், இன்றைக்கு மட்டும் ஏன் சரியாகக் காட்டுகிறது என்று யோசிப்பவர் அவர். ஒரு வாசகர் தவணை முடியுமுன்பே புத்தகத்தைத் திருப்பினால் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார், எந்தப் படத்தைக் கிழித்துக்கொண்டு இவர் இத்தனை நல்லவராக நடக்கிறார் என்று.

அவருடைய சந்தேகங்களுக்கெல்லாம் தலைமை தாங்கியது கணினி. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாசகர் பயன்பாட்டுக்கென்று மூன்று கணினிகள் வந்திறங்கின. தூசு அடையும் என்று சொல்லி நூலகர் அவற்றைத் துணியால் மூடி, சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரையும் வைத்தார். “மத்த நூலகத்துல நூலைத் தொடலாம், சார். இங்க நூலைத் தொட்டா விசாரணை” என்று உதவி நூலகர் ஒருமுறை சொன்னார். அதில் ஏதும் உள்குத்து இருக்கிறதா என்று நூலகர் இரண்டு நாள் ஆராய்ந்தார்.

நூலகரின் மனைவியைக் கதை சொல்பவர்கள் ‘அம்மையார்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அவர் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்தார். அங்கே சீட்டு எழுதிக் கொடுக்கிறார் என்பது நூலகரின் எண்ணம். எதைக்கொண்டு எழுதுகிறார் என்று அவர் கேட்டதில்லை. உலகத்தையே சந்தேகித்தவர் அந்த ஒன்றை மட்டும் சந்தேகிக்காமல் விட்டுவிட்டார். அந்த மூன்று கணினிகளின் கட்டை அவிழ்த்து, சனிக்கிழமை பிற்பகலில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வகுப்பு நடத்தக்கூடாதா என்று அம்மையார் இரண்டு தடவை கேட்டிருந்தார். இரண்டு தடவையும் ஒரே பதில்: “உனக்கு அதெல்லாம் புரியாதும்மா.”

இந்த நிலையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பெயர், ‘பணியாளர் பயிற்சித் தேவை மதிப்பீடு’. கணினி தொடர்பான பன்னிரண்டு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: தெரியும், ஓரளவு தெரியும், பயிற்சி தேவை.

நூலகர் அதை ஒரு பொறி என்று உடனே கண்டுகொண்டார். ‘பயிற்சி தேவை’ என்று குறித்தால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களோடு பெஞ்சில் உட்காரவேண்டும். ‘ஓரளவு’ என்றால் எந்த அளவு என்று கேட்பார்கள். ஆகவே பன்னிரண்டுக்கும் ‘தெரியும்’ என்று குறித்து, கீழே அழகாகக் கையொப்பமிட்டு அனுப்பினார். பொறியிலிருந்து தப்பிய நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினார்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. கூடவே ஒரு மடிக்கணினிப் பெட்டியும் வந்தது. பன்னிரண்டும் தெரிந்த பணியாளர் இவர் ஒருவரே என்பதால், பத்தாம் நாள் இவருடைய நூலகத்திலேயே நாற்பது பணியாளர்கள் முன்னிலையில் ஒரு வாசகருக்குப் புதிய முறையில் புத்தகம் வழங்கிக் காட்டவேண்டும். படிவத்தில் உண்மைக்கு மாறான தகவல் தந்ததாகத் தெரியவந்தால் நூலகர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவார்.

உதவி நூலகரிடம் கேட்டால் அது மறுநாளே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். நூலகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியிலேயே ஒரு திட்டம் உருவாகிவிட்டது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மையார் பெட்டியைத் திறந்தார். மடிக்கணினியோடு கம்பியில்லாத மவுஸ் ஒன்று இருந்தது. அதைக் கணினியோடு இணைக்கும் பித்தான் அளவுத் துணைப்பகுதியைக் கணினியின் பக்கவாட்டில் செருகினார். மவுஸை மட்டும் எடுத்து, மடிக்கவேண்டிய துண்டுக் குவியலுக்குள் வைத்துக்கொண்டார். எங்கே அது என்று நூலகர் கேட்கட்டும், ‘எனக்கு இது தெரியாது’ என்று வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொல்லட்டும், கொடுத்துவிடலாம் என்பதுதான் அப்போது அம்மையாரின் எண்ணம்.

நூலகர் தலை துவட்டியபடி வந்தார்.

“ஏம்மா, உன்னால எனக்கு ஒரு காரியம் ஆகணும்.”

“சொல்லுங்க.”

“நாப்பது பேருக்கு நான் செஞ்சு காட்டணும். ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு இது புரியுமான்னு முதல்ல சோதிச்சுப் பாத்துடணும்.”

“நம்ம வீட்ல ஒண்ணுமே தெரியாதவங்க யாரு?”

“நீதான்.”

“ஓ.” ஒரு துண்டு மடிந்தது. “உங்களுக்கு எல்லாம் தெரியுமா?”

“பன்னெண்டும் தெரியும்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்.”

“கேள்விய மாத்தாதே. இந்தா கையேடு. நீ இதப் படிச்சு ஒவ்வொண்ணா செய். நான் பக்கத்துல உக்காந்து தப்பு பாக்குறேன்.”

அம்மையார் செய்வதைப் பார்த்துத் தாம் கற்றுக்கொள்வது என்பதே திட்டம். ஆனால் அம்மையார் கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

“நீங்க செஞ்சு காட்டினாத்தானே எனக்குப் புரியும்?”

நூலகருக்கு வேறு வழியில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இங்க ஒரு குழி காலியா இருக்கே. ஏதோ குறையுது.”

“எது குறையுதுன்னு சொல்லுங்க, தேடலாம்.”

எது என்று அவருக்குத் தெரியவில்லை. தலைமை அலுவலகத்தில் எவரோ கைவைத்துவிட்டார் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டார். பிறகு கணினியின் பக்கவாட்டில் விரலை வைத்தார். “இது என்ன சின்னதா துருத்திக்கிட்டு?”

“தூசு போகாம அடைக்கிற மூடியா இருக்கும்.”

தூசு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சந்தேகம் அடங்கியது. விசைப்பலகைக்குக் கீழே வழவழவென்று இருந்த கட்டத்தைத் தடவிப் பார்த்து, தேதி முத்திரை குத்துமிடம் என்று தாமாகவே முடிவுசெய்தார். கையேட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்: “சுட்டியை உரிய இடத்துக்கு நகர்த்தி இருமுறை சொடுக்குக.”

“சுட்டின்னா என்னங்க?”

அகராதிகளோடு இருபத்தேழு ஆண்டு குடித்தனம் நடத்தியவரைப் பார்த்து இப்படியொரு கேள்வி. “தமிழே மறந்துபோச்சா? சுட்டுறது சுட்டி. சுட்டுவிரல்.”

அம்மையாரின் கை துண்டுக் குவியலுக்குள், கையேடு ‘சுட்டி’ என்று சொல்லும் அந்த மவுஸின்மேல் நின்றது.

“அப்ப சொடுக்குறதுன்னா?”

“விரலைத்தான் சொடுக்குவாங்க. வேற எதைச் சொடுக்குவாங்க?”

“சாட்டையைச் சொடுக்குவாங்க.”

“கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா சாட்டை?”

சொல்லிவிட்டு நூலகர் திரையிலிருந்த புத்தகப் படத்தை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டினார். திரையில் ஒரு சின்ன அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்ந்து அந்த விரல் காட்டிய இடத்தில் நின்றது. அவர் கையை உயர்த்தி இரண்டு முறை சொடக்குப் போட்டார். படம் விரிந்து, நூல் வழங்கும் பக்கம் திறந்தது.

இந்த இடத்தில் நூல் கட்டும் அம்மா பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையை மேசைத்துணிக்கடியில் நுழைத்து ஆட்காட்டி விரலை மட்டும் இரண்டு தடவை அசைத்துக் காட்டினார். மற்ற ஐவரும் இதே சைகையைத்தான் செய்தார்கள்.

“இவ்வளவுதானா?” என்றார் நூலகர்.

“எனக்கே புரியுதுங்க” என்றார் அம்மையார்.

அன்று முதல் ஒன்பது நாள் மாலையில் பயிற்சி நடந்தது. வாசகர் எண்ணை ஒற்றை விரலால் தட்ட நூலகர் கற்றுக்கொண்டார், மற்றதெல்லாம் சொடக்கு. அவர் சந்தேகம் சும்மா இருக்கவில்லை. இடக்கையால் சொடுக்கிப் பார்த்தார்; திறந்தது. மெதுவாகச் சொடுக்கினார், திறந்தது. ஒன்பதாம் நாள் அம்மையார் அடுப்பைப் பார்க்க எழுந்துபோனபோது பதினாறு தடவை சொடுக்கியும் அசையவில்லை.

“இது நீ இல்லாதப்ப வேலை செய்ய மாட்டேங்குது.”

“நீங்க பதற்றமா சொடுக்கியிருப்பீங்க.”

“எனக்கென்னடி பதற்றம்? இந்த வீட்ல துண்டு மட்டும் ஏன் தீரவே மாட்டேங்குது? ஒன்பது நாளா மடிக்கிற.”

“நீங்க ஒன்பது நாளா குளிக்கிறீங்க.”

பதிலில் ஓட்டை இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஆயினும் பக்கத்தில் அம்மையார் இருந்தால் காரியம் நடக்கிறது என்பது தெளிவு. ஆகவே செய்துகாட்டும் நாளில் புத்தகம் பெறும் வாசகராக அம்மையாரையே வரச்சொன்னார்.

பத்தாம் நாள் வாசிப்பறை நிறைந்திருந்தது. சுவரில் பெரிய திரை. முன்வரிசையில் மேலதிகாரி, அவருக்குப் பக்கத்தில், மடியில் கைப்பையோடு அம்மையார். ஓரத்தில், துணி மூடிய மூன்று கணினிகள் அரக்கு முத்திரையோடு நின்றன. நூலகர் தொண்டையைச் செருமினார். விரலை நீட்டினார். சொடக்குப் போட்டார், ஒன்று, இரண்டு.

திரை அப்படியே இருந்தது.

மறுபடி சொடுக்கினார். பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். உதவி நூலகர் தம் செருப்பை உற்றுப் பார்த்தார். மூன்றாம் தடவை விரல் வியர்வையில் வழுக்கி ஓசைகூட வரவில்லை. மேலதிகாரி பேனாவைத் திறந்தார்.

அம்மையார் எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். குனிந்து, வாசகர் அட்டையை நீட்டுவதுபோல மெல்லிய குரலில் பேசினார்.

“என் கைப்பையில ஒண்ணு இருக்கு. அதைத் தட்டினாத்தான் இது திறக்கும்.”

நூலகர் கைப்பையைப் பார்த்தார். ஒன்பது நாள் துண்டுகளும் அவர் கண்முன் வரிசையாக வந்து போயின.

“பாவி. தட்டித் தொலையேன்.”

“இருமுறை தட்டணும். முதல் தட்டுக்கு, அந்த மூணு கட்டையும் அவுக்கணும்.”

“அதெப்படி, தூசு…”

“நான் போய் உக்காந்துக்கட்டுமா?”

“அவுக்கிறேன்.”

“ரெண்டாவதுக்கு, சனிக்கிழமை வகுப்பு.”

மேலதிகாரி ஏதோ எழுதத் தொடங்கியிருந்தார்.

“சரி, சரி, வகுப்பு.”

“இப்ப சொடுக்குங்க.”

நூலகர் சொடுக்கினார். பக்கம் திறந்தது. எண்ணைத் தட்டினார், சுட்டினார், சொடுக்கினார். புத்தகம் வழங்கப்பட்டுவிட்டதாகத் திரை அறிவித்தது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். அவர்களில் சிலர் மேசைக்கடியில் விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டதையும் கதை சொல்பவர்கள் மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். அது என்ன முறை என்று மேலதிகாரி கேட்கவில்லை; கேட்டால் தமக்குத் தெரியாதென்று ஆகிவிடும் அல்லவா? அவர் அம்மையாரைப் பார்த்துக் கேட்டது வேறு.

“நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்களா?”

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, சார். பத்து நாள்ல எல்லாம் இவர் சொல்லிக்குடுத்ததுதான்.”

மேலதிகாரி நெகிழ்ந்துபோனார். ஒன்றுமே தெரியாத ஒருவரைப் பத்து நாளில் இவ்வளவு தூரம் கொண்டுவந்த முறைதான் எல்லா நூலகத்துக்கும் தேவை என்றார். நூலகர் தாம் ஒப்புக்கொண்ட சனிக்கிழமை வகுப்பை அறிவித்ததும், அதற்கு இந்த அம்மாவையே பயிற்றுநராகப் போடுங்கள் என்று அங்கேயே உத்தரவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் நூலகர் கேட்டார்.

“உனக்கு இதெல்லாம் எப்பலேர்ந்து தெரியும்?”

“ஆறு வருஷமா. ஆஸ்பத்திரியில அதுலதானே சீட்டு போடுறேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ஏன் சொல்றேன்னு யோசிப்பீங்க.”

நூல் கட்டும் அம்மா சொன்ன கதை இங்கே முடிகிறது. சனிக்கிழமை வகுப்பின் முதல் பெஞ்சில் நூலகர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் அவர் எண் ஒன்று.

இனி வேறுபாடு. நூலகர்களாகப் பணியாற்றிய இருவர் சொல்லும் வடிவத்தில், கூட்டத்தின் நடுவே மவுஸின் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. நூலகர் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒப்புக்கொள்கிறார். உடனே பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து ‘எனக்கும்’ என்கிறார்கள். கடைசியில் மேலதிகாரியும் எழுகிறார். இது சொல்பவர்களின் விருப்பத்திலிருந்து பிறந்த முடிவாக இருக்கலாம். எஞ்சிய மூவரும் பெண்கள். அவர்கள் வடிவத்தில் மேசையருகே பேரம் நடப்பதே இல்லை. நாற்காலி இழுபட்டு அம்மையாரின் கை தவறியதால்தான் அந்தச் சிறு தாமதம். மவுஸைப் பற்றி நூலகர் கடைசிவரை அறியவில்லை. இன்றைக்கும் அவர் விரலைச் சொடுக்குகிறார். அம்மையாருக்கு மனமிருந்தால் திறக்கிறது.