சோபாவுக்குப் பின்னால் ஓர் ஆசனம்

உலகத்துக்கு யோகத்தைக் கொடுத்தது இந்தியா என்கிறார்கள். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த யோகத்தைக் காலணா செலவில்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை, நெதர்லாந்தில், சுட்ஃபன் நகரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் தெருவையே சேரும். இன்னும் சரியாகச் சொன்னால் என்னைச் சேரும். அடக்கம் கருதி இதுவரை வெளியே சொல்லாமல் இருந்தேன்.

என் பெயர் ரூலோஃப். ஓர் அலுவலகத்தின் ‘செலவுக் குறைப்பு’ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, குறைக்க வேறு எதுவும் மிஞ்சாத நிலையில் என்னையே குறைத்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். வீட்டிலும் அந்தப் பணி தொடர்கிறது. காலையில் எழுந்ததும் என் மனைவி லீஸ்பெத் கூடத்து ஹீட்டரைத் திறப்பாள். அவள் காபி போட உள்ளே போனதும் நான் மூடுவேன். அவள் கண்ணில் படாமல் அதன் திருகை எட்டவேண்டியிருப்பதால் இதற்குக் கொஞ்சம் தியாகம் தேவை. அதைப் பற்றி நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை, லீஸ்பெத்திடம்கூட.

“என்னமோ இந்தக் கூடமே குளிருது” என்பாள் அவள், காபியோடு திரும்பி வந்து.

“வயசாகுது லீஸ்பெத்” என்பேன் நான். “இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ.”

சென்ற இலையுதிர் காலத்தில் லீஸ்பெத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சைக்கிளில் ஏறமுடியவில்லை. எங்கள் ஊரில் சைக்கிளில் ஏறமுடியாதவர் பாதி உயிரோடு இருப்பதாகத்தான் பொருள். பிசியோதெரபிஸ்ட் இரண்டு யோசனை சொன்னார்: உடம்பைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள், யோகா கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதை நான் உடனே ஏற்றுக்கொண்டேன்.

“சமூகக் கூடத்துல வியாழக்கிழமை க்ளாஸ் இருக்காம். சேர்ந்துடறேன்” என்றாள் லீஸ்பெத்.

“எதுக்கு? எதிர்வீட்டுலயே தினம் நடக்குதே. நீ பார்த்ததில்ல?”

எங்கள் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்குத் திரை எதற்கு? அடுத்த வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதும் கிடையாது. கண் தானாக அந்தப் பக்கம் போனால் அது வேறு விஷயம். அப்படித் தானாகப் போன என் கண்ணில்தான், எதிர்வீட்டு ஃபெனா, பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்ற அந்த மாது, கொஞ்ச நாளாகக் காலைதோறும் யோகா செய்வது பட்டிருந்தது.

உடனே ‘இல்ல யோகத் திட்டம்’ தொடங்கப்பட்டது. விரிப்புக்குப் பரணில் கிடந்த பழைய கம்பளத் துண்டு. காலை இழுத்துப் பிடிக்கும் யோகாப் பட்டைக்கு என் குளியல் அங்கியின் கச்சை. தலைக்கு வைத்துக்கொள்ள, அரசர் பிறந்தநாளன்று தெருவில் போடும் பழைய சாமான் சந்தையில் விலைபோகாமல் திரும்பிவந்த தலையணை. ஊதுவத்திக்குப் பதில் நேற்றைய காபிச் சக்கை. மணம் தேவலை.

ஃபெனாவின் ஆசனம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் கடினமானது. குப்புறப் படுக்க வேண்டும். கன்னம் தரையில் படியவேண்டும். வலது கையை நீட்டி, மணிக்கட்டை மெதுவாக வலப்பக்கம் திருகவேண்டும். அப்போது இடது கால் தானாக மேலே எழும்பும். பிறகு எழுந்து நின்று ஒரு பெருமூச்சு. லீஸ்பெத் ஜன்னலோரம் கம்பளத்தைப் போட்டு ஃபெனாவைப் பார்த்துச் செய்தாள். அவளைப் பார்த்து ஃபெனாவுக்குப் பக்கத்துவீட்டு ஷூர்ட் செய்தான். ஷூர்டைப் பார்த்து எங்கள் வரிசைக் கடைசி வீட்டுத் தம்பதி செய்தார்கள். பனி விழத் தொடங்கியபோது தெருவே தரையில் கிடந்து மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தது. ஒரு காசு கைமாறவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு நாள் காலையில் லீஸ்பெத் தரையிலிருந்து எழவில்லை.

“அதுதான் ஆழ்ந்த நிலை” என்றேன்.

“நிலையுமில்ல மண்ணுமில்ல. எந்திரிக்க முடியல. கையைக் குடு.”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கஷ்டப்பட்டது. நாங்கள் மனசு கஷ்டப்பட்டால் கூட்டம் போடுவோம். அன்று மாலையே எங்கள் கூடத்தில் ‘பயனாளிகள் ஆலோசனைக் கூட்டம்’ கூடியது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஃபெனா கைத்தடியோடு வந்தாள். லீஸ்பெத் ஹீட்டரைத் திறந்துவைத்திருந்தாள். காபி கொடுத்து, ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டி, காபிக்கு ஒன்றே என்ற ஊர் முறைப்படி டப்பாவை மூடினேன்.

“ஃபெனா, அந்த ஆசனத்துக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள் லீஸ்பெத். “டாக்டர் கேட்டா சொல்லணும்.”

“எனக்கெப்படித் தெரியும்? நானே பார்த்துப் பழகினவதானே.”

“யாரைப் பார்த்து?”

“உங்க வீட்டுக்காரரைத்தான். தினம் காலையில நீங்க உள்ள போனதும் சோபாவுக்குப் பின்னால குப்புறப் படுக்கிறாரே. எழுந்து நிக்கிறப்போ அந்த முகத்துல எவ்வளவு நிம்மதி. இந்த வயசுல எனக்கும் அந்த நிம்மதி வேணும்னுதான் ஆரம்பிச்சேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தெருவுக்கே ஆதிகுரு என்று அறியவரும் கணம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

“செஞ்சு காட்டேன் ரூலோஃப்” என்றாள் லீஸ்பெத், மெதுவாக.

மறுப்பது மரியாதையல்ல. சோபாவுக்குப் பின்னால் படுத்தேன். கன்னம் தரையில் படிந்தது. கை தானாகப் போய்த் திருகைப் பிடித்தது, பழக்கதோஷம், வலப்பக்கம் திருப்பியது. கால் எழும்பியது. ஹீட்டர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

“ஓ, மணிக்கட்டு இதுக்குத்தானா” என்றான் ஷூர்ட்.

ஃபெனா தானாகவே டப்பாவைத் திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தாள். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான கண்டனம் கிடையாது.

லீஸ்பெத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிக் குனிய முடியாமல் குனிந்து, திருகை முழுசாகத் திறந்தாள். பிறகு அதைக் கழற்றித் தன் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். திரும்பி வந்தபோது கூடம் கதகதப்பாக இருந்தது. எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

“டீச்சர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“யார்கிட்டக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. உன் பேரைச் சொன்னேன்.”

“அதெல்லாம் எதுக்கு” என்றேன், அடக்கத்தோடு.

அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்த இன்னொரு ஸ்வெட்டரையும் கழற்றினாள். இரண்டையும் மடித்து என் மடியில் வைத்தாள்.

“குளிருதுன்னு சொன்னப்பெல்லாம் வயசாகுதுன்ன. நானும் நம்பிட்டேன். எனக்கு வயசாகல ரூலோஃப். நீ மூடிட்ட, அவ்வளவுதான்.”